ஆர்ச்சியின் இடது கை

"படிச்சிட்டா மட்டும் போதுமாட்டி? நாலு பேரு மத்தியில நிக்கத் தெரியணும்லா?"

நான் கல்லூரிக்குப் பெட்டி கட்டிய அன்று அத்தை கேட்டது இது. தூத்துக்குடி உப்பளத்தில் அப்பாவோடு உப்பு வாரியவள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. நான் கணக்கில் பட்டம் வாங்கி, டீச்சராகி, இன்று மெல்போர்னில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்கிறேன். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் புதிய கூடம் ஒன்றுக்குள் நுழையும்போதெல்லாம் அத்தையின் கேள்வி எனக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

இந்த ஊரில் வயதானவர்கள் விளையாடுகிறார்கள். பக்கத்து வீட்டு டோரிஸுக்கு அறுபத்தெட்டு வயது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கவுனுமாகப் புல்தரையில் பந்து உருட்டப் போவாள். எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண் வேகமாக நடந்தாலே வீட்டில் ஏதோ விபரீதம் என்று தெருவே பின்னால் ஓடும். போன வருஷம் முதியோர் விளையாட்டுப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது டோரிஸுக்குக் கால் பிசகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "ஸ்கொயர் டான்ஸுக்கு என் இடத்துல நீ ஆடணும், கண்ணு."

"எனக்கு இருபத்தேழு வயசுதானே?"

"எட்டுப் பேர்ல ரெண்டு பேர் இளசா இருக்கலாம்னு விதி இருக்கு. நாங்க விழுந்தா தூக்கிவிட ஆள் வேண்டாமா?"

நான்கு ஜோடிகள் சதுரமாக நிற்பார்கள். மைக்கில் ஒருவர் பாட்டோடு பாட்டாகக் கட்டளை சொல்லிக்கொண்டே இருப்பார். அவரைக் 'காலர்' என்கிறார்கள். அவர் சொல்கிறபடி கை மாற்றி, இடம் மாற்றி, கடைசியில் அவரவர் இடத்துக்கே வந்து சேர வேண்டும். இது கணக்குதானே என்று எனக்குத் தோன்றியது. கட்டம் போட்ட நோட்டில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு இரண்டே நாளில் எல்லாக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்துவிட்டேன். "பரீட்சையா எழுதப் போற?" என்று என் கணவர் சிரித்தார்.

பயிற்சியில் என் ஜோடி டோரிஸின் கணவர் லென். 'அலமாண்ட் லெஃப்ட்' என்ற கட்டளை வந்தால் மட்டும் லென்னை விட்டுவிட்டு வலப்பக்கம் நிற்பவரிடம் திரும்பி, அவருடைய இடது கையை என் இடது கையால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். என் வலப்பக்கம் நின்றவர் ஆர்ச்சி. எழுபத்திரண்டு வயது, மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டளை வந்ததும் என் வலது கைதான் நீண்டது. மறுபடி சொன்னார்கள், மறுபடியும் வலது கை. எட்டுப் பேரும் சிக்கிய நூல்கண்டு மாதிரி நின்றோம். நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எனக்கு ஆறு வயதில் கடைக்காரத் தாத்தா கருப்பட்டி மிட்டாய் நீட்டினார். நான் இடது கையை நீட்டியதும் அப்பா மணிக்கட்டில் ஒன்று வைத்தார். "பெரியவங்ககிட்ட நொட்டாங்கைய நீட்டுவியா?" அன்றோடு அந்தக் கை பெரியவர்கள் முன் எழுந்ததில்லை. நான் படித்த பாடங்கள் எல்லாவற்றுக்கும் முன்பே அந்தப் பாடம் உடம்புக்குள் போய்விட்டது.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது டோரிஸ் ஊன்றுகோலோடு எங்கள் சமையலறைக்கு வந்தாள்.

"ஆர்ச்சி இனிமே வரலையாம்."

"ஏன்?"

"அவன் இடது கையில ரெண்டு விரல் கிடையாது. எப்பவோ ரம்பம் எடுத்துட்டுப் போயிடுச்சு. அதைத் தொட உனக்கு அருவருப்புன்னு நினைக்கிறான். கோபமெல்லாம் இல்ல. கூச்சம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தியமாக நான் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. ஒருவர் குறைந்தால் அணியே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. உப்பு வாரிக் காய்த்துப்போன கைகள் வளர்த்த பெண் நான். உழைத்த கை ஒன்றை நான் அருவருத்தேன் என்று ஒரு மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். கையுறை போட்டுக்கொண்டு தக்காளிச் செடிகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். மிட்டாய்க் கதையைச் சொன்னேன். எங்கள் ஊரில் பெரியவரிடம் இடது கை நீட்டினால் அவமதித்ததாக அர்த்தம் என்றேன். அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

"அப்போ, மூணு வாரமா நீ எனக்கு மரியாதை செஞ்சிருக்கே?"

"ஆமாம்."

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு செஞ்சதில்ல. தாங்க முடியலைம்மா." சிரித்துக்கொண்டே இடது கையுறையைக் கழற்றி நீட்டினார். "மிச்சம் மூணுதான். நல்லாப் பாத்துக்கோ."

பார்த்தேன். பிறகு பிடித்தேன். அவரே கட்டளை சொல்ல, தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் இருபது முறையாவது சுற்றியிருப்போம். அவருடைய நாயும் கூடவே சுற்றியது.

போட்டி டவுன் ஹாலில். ஒரு மூலையில் வளையம் எறிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்து, முதல் 'அலமாண்ட் லெஃப்ட்' கேட்டதும் என் வலது கை பாதி எழுந்துவிட்டது. ஆர்ச்சி முகத்தைத் திருப்பாமலே முணுமுணுத்தார்: "இன்னிக்கு மரியாதை வேண்டாம் மேடம்." இடது கை நீண்டது. அதற்குப் பிறகு அது தப்பவே இல்லை. பக்கத்துச் சதுரத்திலிருந்து ஒரு தாத்தா வழி தவறி எங்களுக்குள் வந்துவிட்டார். அவரையும் ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பிவைத்தோம். ஐந்து அணிகளில் நாங்கள் நான்காவது. டோரிஸ் ஊன்றுகோலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியதைப் பார்த்தவர்கள் முதல் பரிசு எங்களுக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

போன மாதம் இங்குள்ள ஒரு தமிழ் டாக்டர் வீட்டு விருந்துக்குப் போனோம். மதுரையிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா கேசரித் தட்டை என்னிடம் நீட்டினார். என் இடது கை தானாக நீண்டது. தட்டு அப்படியே நின்றது. அந்த அம்மா என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர்னு சொன்னாங்களே?"

சட்டென்று கையை மாற்றி வாங்கிக்கொண்டேன். முகம் சூடாகிவிட்டது. கேசரி நன்றாகவே இருந்தது. காரில் திரும்பும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

டோரிஸின் கால் சரியாகிவிட்டது, அவள் இடம் இனி அவளுக்குத்தான். நான் காலர் பயிற்சி வகுப்பில் சேர முடிவு செய்திருக்கிறேன். அடுத்த போட்டியில் மைக் முன் நின்று இவர்கள் எல்லோரையும் இடது கை நீட்டச் சொல்லப்போவது நான்தான். அத்தைக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன், தம்பி வாசித்துக் காட்டுவான். அந்தக் கடிதத்தையும் வகுப்புக்கான விண்ணப்பத்தையும் இன்று காலை ஒன்றாகத் தபால் பெட்டியில் போட்டேன். எந்தக் கையால் போட்டேன் என்றுதான் நினைவில்லை.