வைரவர் பூசைக்கு வந்த நாய்

ஈப்போவில் எங்கள் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமிதோறும் ஒரு லோரி டிரைவர் வருவார். கட்டை மீசை, கசங்கிய நீலச் சட்டை. சாமி கும்பிட வருகிறவர் முகமே இல்லை. கிழட்டு நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். நாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை, ஓயாத இருமல்.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காட்டாம? இதயம் வீங்கிப் போச்சாம். சுங்காய் பக்கம் செம்பனைத் தோட்டத்துல எவனோ விட்டுட்டுப் போயிட்டான். நாந்தான் எடுத்து வளக்குறேன். கழுத்துப் பட்டையில போன் நம்பர் இருந்துச்சு. கூப்பிட்டா, எங்க நாய் இல்லன்னுட்டான். விசாரிச்சுப் பாத்தா ஒங்க கோயில் தலைவர் லா! வைரவருக்கு வடைமாலை போட வர்றப்பல்லாம், வைரவரோட வாகனத்தப் பாத்துட்டுத்தான் அவன் உள்ள போவணும். நிம்மதியா சாமி கும்பிட விடமாட்டேன்."

அப்போது தலைவர் வடைமாலையோடு காரிலிருந்து இறங்கினார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். மோப்பம் பிடித்த நாய் தள்ளாடி எழுந்து, அவர் போன பக்கம் பார்த்து வாலை ஆட்டியது.

டிரைவர் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"இதுக்கு ரோஷமே இல்ல லா. இதுக்கும் சேத்து நாந்தான் கோவப்படணும்."