அருட்செல்வத்தின் அடிப்பொத்தான்

ஒஸ்லோவின் குரோருட்டில் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அருட்செல்வம்தான் வாக்ட்மேஸ்டர், அதாவது பராமரிப்பாளர். படிக்கட்டு விளக்கு எரியாவிட்டால், அழைப்புமணி அடிக்காவிட்டால், கதவு மூடாவிட்டால், மூடிய கதவு திறக்காவிட்டால் நூற்றெழுபது வீட்டுக்காரரும் கூப்பிடுவது அவரைத்தான். பத்தொன்பது வருடமாகக் கூப்பிடுகிறார்கள். விளக்கு நன்றாக எரிகிறது என்று சொல்ல இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

பேசாலையில் பிறந்து, ஒஸ்லோவில் தேய்ந்துகொண்டிருக்கும் இந்த ஐம்பத்தாறு வயது மனிதரின் வாழ்வில் அண்மைக்காலம்வரை ஒரே ஒரு ஓய்வுதான் இருந்தது. அது சிகரெட். முப்பத்திரண்டு வருடம் அதை ஒழுங்காகப் பேணி வந்தார். தை மாதத்தில் டாக்குத்தர் அவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு கணினித் திரையை இவர் பக்கம் திருப்பிச் சுவாசப்பையின் நிலவரத்தைக் காட்டினார். அருட்செல்வம் ஒரு தொழில்காரர். காற்றோட்டக் குழாய் ஒன்று அந்த நிலையில் இருந்தால் கழற்றி எறியச் சொல்லியிருப்பார்.

திருநீற்றுப் புதன் இரவுச் செபம் முடிந்ததும், நெற்றிச் சாம்பல் காயுமுன், உயிர்ப்பு ஞாயிறுவரை சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று வீட்டு அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் அறிவித்தார். மனைவி அனஸ்ரேசியா ஆனந்தத்தில் அழுதார். அப்போதே அவசரப்பட்டுவிட்டோம் என்று இவருக்கு விளங்கிவிட்டது. குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத் தீர்மானம் என்றால் அடுத்த கூட்டத்தில் மாற்றலாம். சுரூபத்துக்கு முன்னால் சொன்னதை மாற்ற எந்த விதியும் இல்லை.

மூன்றாம் நாளே, நன்றாக எரிந்த படிக்கட்டு விளக்கு ஒன்றைக் கழற்றி மாற்றினார். லில்லெஸ்ட்ரோமில் கார் திருத்தும் மச்சினன் யூலியன், புகைக்குப் பதிலாக ஆவி இழுக்கும் பித்தளைக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மேலே திரவம் விட்டு ஆவி எடுக்கும் தலை, உள்ளே பற்றரி, அடியில் அமத்தும் பொத்தான்.

"அத்தான், இதிலை எலக்ட்ரோனிக் ஒண்டும் இல்லை. அமத்தினா கரண்ட் போகும், விட்டா நிக்கும். பழுதாக என்ன கிடக்கு?"

பழுதாகக்கூடிய பொருள்கள் எல்லாவற்றாலும் பத்தொன்பது வருடம் அலைக்கழிக்கப்பட்டவருக்கு அந்த வார்த்தை திருப்பலிப் பிரசங்கத்தைவிட ஆறுதலாக இருந்தது. நோன்பின் இருபத்தாறாம் நாள்வரை குழாய் வேலை செய்தது. இருபத்தேழாம் நாள், திங்கள் காலை, இரண்டாம் கட்டடத்துக் குப்பை அறையின் பின்னால் நின்று பொத்தானை அமத்தினார். கொதிக்க மனமில்லாத கேத்தலைப்போல அது ஒரு சத்தம் போட்டது. ஆவி வரவில்லை. அடி மட்டும் சுட்டது.

யூலியனுக்குத் தொலைபேசி அடித்தார்.

"எங்கை சுடுது? மேலையோ அடியிலையோ?"

"அடியிலை. பொத்தான் சுடுது."

"உடனை கையை எடுங்கோ. எந்த இடம் சுடுதோ அந்த இடத்திலைதான் தொடுமுனை சரியில்லை. பற்றரியைக் கழட்டிப்போட்டுப் பாருங்கோ, மேலுறை கிழிஞ்சிருக்கோ?"

"இல்லை."

"கிழிஞ்சிருந்தா பாவிக்கப்படாது, சொல்லிப்போட்டன். பொத்தானைக் கழட்டி ஸ்பிரிங், பூட்டுற மரை எல்லாத்தையும் ஸ்பிரிட்டிலை துடையுங்கோ. காது குடையிற பஞ்சுக் குச்சி இருக்குத்தானே?"

துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. குழாய் உயிர்த்தது. மாலைவரை ஒரு குறையும் இல்லை.

செவ்வாய் காலை மறுபடி சுட்டது. துடைத்தார், வேலை செய்தது. புதன் காலையும் அப்படியே. பஞ்சு மஞ்சளாக வருகிறது என்று கேட்டதும், மேலே தலையிலிருந்து திரவம் ஒழுகுகிறது என்று யூலியன் தீர்ப்புச் சொன்னான். ரப்பர் வளையம் மூன்றையும் மாற்றினார். வியாழன் காலை சுட்டது. வேறு பற்றரி போட்டார். பற்றரி ஆடாதபடி நடு ஊசியைச் சரி பார்த்தார். ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றினார். வெள்ளி காலை சுட்டது.

"மணந்து பாத்தனீங்களோ அத்தான்? என்ன மணம்?"

"எனக்கு என்ன மணக்கும்? முப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகு எனக்கு மீன் சந்தையும் மல்லிகையும் ஒண்டுதான்."

"அப்ப அதை எறிஞ்சுபோட்டு மனத்திடமா இருங்கோ."

"நீ வந்து நாலு கட்டடத்தைப் பார். நான் மனத்திடமா இருக்கிறன்."

அன்று பின்னேரம் மூன்றாம் வாசல் அழைப்புமணி வேலை செய்யவில்லை. பிரித்துப் பார்த்தபோது தொடுமுனையில் பச்சைக் களிம்பு. இரண்டு நிமிடத்தில் சுரண்டிச் சரிசெய்தார். ஊரார் தொடுமுனை எல்லாம் தன் கைக்குப் பணிகிறது, தன் தொடுமுனை மட்டும் பணியவில்லை என்ற எண்ணம் அவரைக் கடை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனது. முப்பத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதைக்கு மூன்று மணித்தியாலம் இருக்கையில், அருட்செல்வம் ஒரு பெட்டி சிகரெட் வாங்கினார். உடைக்கவில்லை. யக்கெட்டின் உள்பொக்கெற்றில் வைத்துக்கொண்டு பதினான்கு நிலைகளிலும் முழங்காலிட்டார். ஒவ்வொரு தடவையும் அது நெஞ்சில் குத்தியது. நாளையும் குழாய் சுட்டால் உடைப்பது என்று, எழும்ப முடியாமல் எழும்பும்போது, முடிவெடுத்தார்.

சனி காலை ஆறு மணி. வழக்கம்போலக் குழாயை யன்னல் திட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர் வரவில்லை. குழாய்த் திருத்த வேலைக்காக ஆறிலிருந்து எட்டுவரை தண்ணீர் நிறுத்தப்படும் என்று எல்லா வாசலிலும் அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் அவர்தான். ஐந்தே முக்காலுக்குக் கீழே போய்ப் பூட்டிவிட்டு வந்தவரும் அவர்தான்.

துவாயோடு வெளியே வந்தார்.

அனஸ்ரேசியா யன்னலடியில் நின்றார். ஒரு கையில் குழாய். மற்றக் கையில் தங்கச்சி ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அந்தோனியார் எண்ணெய்ப் போத்தல். அந்த எண்ணெய் அவ்வீட்டில் முழங்காலுக்கும் பூசப்படும், கார்த் திறப்புக்கும் பூசப்படும், மகளின் சோதனைப் பேனைக்கும் பூசப்பட்டது. இப்போது அடிப்பொத்தானைச் சுற்றி ஒரு துளி விட்டு, அது உள்ளே இறங்கும்வரை பார்த்து, மேலே சிலுவை அடையாளம் போட்டார்.

"என்னப்பா, குளிக்கேல்லையே?"

"எத்தினை நாளாய் நடக்குது இது?"

"திங்கள் துவக்கம். ஞாயிறு பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்கை இந்திரா சொன்னவள், உப்பிடி ஒண்டு ஆரோ ஒரு பெடியன்ரை வாயிலை வெடிச்சதாம். உங்களிட்டைச் சொன்னா நீங்கள் கேக்கவோ போறியள்? அதுதான் அந்தோனியாரிட்டை விட்டனான்."

அருட்செல்வம் கதிரையில் இருந்தார். ஐந்து நாள், ஒரு பெட்டி பஞ்சுக் குச்சி, மூன்று வளையம், ஒரு ஸ்பிரிங்.

"எண்ணெயிலை கரண்ட் ஒழுங்காப் போகாதடியப்பா. அதாலைதான் அடி சுட்டது, இது வேலை செய்யேல்லை."

அனஸ்ரேசியா குழாயை மேசையில் வைத்தார்.

"வேலை செய்யாட்டி வெடிக்காதுதானே?"

கரண்ட் ஓடாத பற்றரி வெடிக்காது. அனஸ்ரேசியா கேட்ட வேலையை அந்தோனியார் கேட்டபடியே செய்திருக்கிறார். பிழை வேலைக் கட்டளையில் இருந்தது.

அருட்செல்வம் எழும்பிப் போனார். கொழுவியிலிருந்த யக்கெட்டின் உள்பொக்கெற்றிலிருந்து பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அனஸ்ரேசியாவின் முகம் போன போக்கைப் பார்க்கத் துணிவில்லாமல் மேசை விரிப்பைப் பார்த்தார்.

"உடைக்கேல்லை. நேற்று வாங்கினது. இண்டைக்கும் சுட்டிருந்தா உடைச்சிருப்பன்."

"அந்தோனியாருக்கு முன்னாலை சொல்லிப்போட்டு..."

"சொன்னனான்தான். அவரின்ரை எண்ணெயாலைதான் கடைக்குப் போனனான். பூசிறதெண்டா இதுக்குப் பூசு."

அனஸ்ரேசியா பெட்டியின் பொலித்தீனைக் கிழித்தார், மூடியைத் திறந்தார், இருபது தலைகளும் தெரிய நிமிர்த்திப் பிடித்துப் போத்தலைச் சரித்தார். துளித்துளியாக அல்ல. கடதாசி கறுத்து, புகையிலை ஊறி, ஒன்றோடொன்று ஒட்டும்வரை ஊற்றினார். சிலுவை அடையாளம் போட்டார். பிறகு பெட்டியைக் கொண்டுபோய்ச் சுரூபத்தின் காலடியில், ஒரு சாட்சிப்பொருளைப்போல, வைத்தார்.

"உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இஞ்சை கிடக்கட்டும். தினம் ஒருக்காப் பாருங்கோ."

"குழாய்?"

"எனக்கு முன்னாலை அமத்திக் காட்டுங்கோ. சூடு வந்தா நான் வாங்கிக் குப்பையிலை போடுவன்."

நீதியான ஒப்பந்தம். அவர் பொத்தானைக் கழற்றினார், ஸ்பிரிங்கைத் துடைத்தார், மரையைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. இரண்டாவது குச்சி வெள்ளையாக வந்தது. பற்றரியைப் போட்டுப் பூட்டி அமத்தினார். சூடில்லை. ஆவி வந்தது. அனஸ்ரேசியா அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

முப்பத்திரண்டாம் நாள். இரண்டாவது இழுப்புக்கு முன் தொலைபேசி அடித்தது. நான்காம் கட்டடம். குழாயில் தண்ணீர் வரவில்லையாம்.

"அறிவித்தல் ஒட்டியிருக்கு," என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டு, அருட்செல்வம் துவாயோடு அப்படியே இருந்தார்.