ராகி கேக்

மகள் ஓவனில் ராகி கேக் வைத்திருக்கிறாள். வெல்லமும் ஏலக்காயும் சூடேறும் வாசனையில், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் இருந்த தொழிலாளர் லைன் வீடும், ஐப்பசித் தூறலில் அடுப்பின் முன்னால் அம்மா குந்தியிருந்ததும் நினைவுக்கு வந்துவிட்டன.

கூடப் படிக்கிற பிள்ளைகள் கேக் கொண்டுவருகிறார்கள் என்று நான் அழுததால், அம்மா ராகி மாவில் வெல்லப்பாகை ஊற்றிக் கலந்து, குண்டானில் வைத்து மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்பி, அப்பாவின் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் வரை ஊதி ஊதி வேகவைத்தாள். "நல்லா வந்துகீதா பாரு" என்று முதல் துண்டை என் வாயில் ஊட்டினாள்.

பள்ளியில் எல்லோரும் சப்புக்கொட்டித் தின்றார்கள். "யாரு செஞ்சது?" என்றாள் சிநேகிதி ரீட்டா. அம்மாவின் கரிபடிந்த சேலை கண்முன் வந்தது.

"எங்க வீட்டு வேலைக்காரம்மா" என்றேன்.

திரும்பினால், மழைக்காகக் குடை கொண்டுவந்த அம்மா நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ரீட்டாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னிடம் குடையை நீட்டினாள்.

"இந்தாங்க பாப்பா, உங்கம்மா குட்த்து அனுப்பினாங்க."

எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரு குடைதான். நான் அதை வாங்கிக்கொண்டு, "சரி, போ" என்றேன். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.