பிள்ளை பெற்ற பின் வந்த நோய்

இரண்டாம் உலக யுத்த காலம். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எனக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை என்று வீடே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. அவன் அழுதால் எடுக்கக் கை நீளாது. சோறு இறங்காது, தூக்கம் வராது. யாராவது பேச்சுக் கொடுத்தால் கண்ணீர்தான் வரும்.

மாமியார் பயந்துபோனார். காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று கயிறு கட்டினார், பூசாரிக்குச் சொல்லி அனுப்பினார். என் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த வழி அது.

ஒரு நாள் பகலில், நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன நினைக்கிறேன் என்று உறைத்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே என் கணவரின் அண்ணன் மனைவி சமைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்னையத் தனியா விடாதீங்க. சாகணும்னு தோணுது."

அவர் உலையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் மூத்த மகள் பிறந்தபோது தனக்கும் இப்படித்தான் இருந்தது என்றும், யாரிடமும் சொல்லப் பயந்து உள்ளுக்குள்ளேயே வெந்ததாகவும் சொன்னார். அந்த வீட்டில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார்.

பூசாரி வந்து பார்க்கட்டும், அப்புறம் போகலாம் என்றார் என் கணவர்.

"நாளைக்கே போறேன். அக்கா கூட வாராங்க. நீங்களும் வந்தா நல்லது" என்றேன். அவரை எதிர்த்து நான் அதுவரை பேசியதில்லை. மறுநாள் அவரும் வந்தார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி போட்டு ஓட்டிய பஸ். வழி நெடுக நின்று நின்று போனது. அக்கா தன் கைக்குழந்தையோடு என் பிள்ளையையும் மடியில் வைத்திருந்தார்.

டாக்டரம்மா, தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா என்று நேராகக் கேட்டார். வருகிறது என்றேன். அவர் திடுக்கிடவில்லை.

"இது பேயும் இல்லம்மா, நீங்க செஞ்ச குத்தமும் இல்ல. பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற நோவு. நெறையப் பேருக்கு வருது, வெளிய சொல்றதில்ல. சரியாயிரும்."

பிறகு என் கணவரை உள்ளே கூப்பிட்டார். என்னைத் தனியாக விடக் கூடாது, தூங்க விட வேண்டும், இரவில் பிள்ளையை வேறு யாராவது பார்க்க வேண்டும், யாரும் ஏசக் கூடாது, மறுபடி கூட்டி வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, மருந்தும் கொடுத்தார்.

பூசாரி வந்தபோது, வேண்டாம் என்று என் கணவரே திருப்பி அனுப்பினார். இரவில் அக்கா என் பிள்ளைக்கும் பால் கொடுத்தார். பூசாரியைத் திருப்பி அனுப்பிய வருத்தத்தில் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் மாமியார் வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். உடனே தேறிவிடவில்லை. சில நாள் எழுந்திருப்பேன், சில நாள் மறுபடி படுத்துவிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போவதை மட்டும் விடவில்லை. அறுவடை முடிந்த சமயம், குளிப்பாட்டும்போது பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

சில வருஷம் கழித்து, கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் பிள்ளை பெற்றுப் பேச்சற்றுக் கிடந்தாள். சேதி வந்ததும் மாமியார் என்னிடம்தான் வந்தார்.

"நீ போயி அந்த டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போ. வீட்டை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அன்றைக்கே கிளம்பினேன்.