புது மீட்டரில் அரை

பம்மலில் ஒரு ஸ்பீக்கர் பட்டறையில் சில மாதம் இருந்தேன். பகலில் வேலை, இரவில் அங்கேயே படுக்கை. அதனால் ஷட்டர் சாவி என்னிடம் இருந்தது. எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராக அலைந்தவனுக்கு அந்தச் சாவிதான் வீடு.

காந்தங்கள் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்து, காந்தப்பாயம் எவ்வளவு என்று பார்ப்போம். ஐம்பதாயிரம் காட்டினால் நல்ல காந்தம். அந்த மீட்டர் கெட்டுப்போய், முதலாளி புதியது வாங்கி வந்தார். முதல் காந்தத்தை வைத்தேன். அரை என்று காட்டியது. அடுத்ததும் அரை.

முதலாளி மீட்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்பதாயிரம் எங்க, அர எங்க? பெட்டிய யாரு பிரிச்சது?"

"நான் தொடலண்ணா. கூடுவாஞ்சேரிக்காரன் டுபாக்கூர் சரக்கு குடுத்திருப்பான்." சரக்கு கொண்டுவரும் அந்த ஆள்மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்.

"அவன் எத்தினி வருசமா குடுத்துகினு கீறான். நீ நேத்து வந்தவன்." கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

ஸ்பீக்கருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் அக்கா தலை நிமிராமலே, "மாதிரிய வெச்சிப் பாருண்ணா," என்றார். மீட்டரைச் சோதிப்பதற்கென்றே டிராயரில் துணி சுற்றிய காந்தம் ஒன்று இருந்தது. வைத்தோம். அதுவும் அரை.

"அடப்பாவி, இதையுமா மாத்திட்ட?"

அக்கா சிரித்துவிட்டார். "ஷட்டர்ல ஒட்டுண்ணா, தெரிஞ்சிடும்." மீட்டர் வருவதற்கு முன்பு பட்டறையில் அதுதான் சோதனை. புதுக் காந்தம் ஒன்றை ஒட்டினேன். முதலாளி இரண்டு கையால் இழுத்தும் வரவில்லை. ஓரத்துக்குத் தள்ளித்தான் எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் மீட்டர் விற்றவருக்குப் போன் போட்டார். அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"சார், உங்க பழசு மேக்ஸ்வெல்ல காட்டும், இது மில்லிவெபர்ல. ஒரு மில்லிவெபர்னா ஒரு லட்சம் மேக்ஸ்வெல். அரன்னா அதே அம்பதாயிரம்தான் சார்."

எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தை நாங்கள் யாரும் ஒருநாளும் படித்ததில்லை.

"சரி, வேலையப் பாரு," என்றார் முதலாளி.

சாயங்காலம் சாவி கேட்டேன்.

"எங்கிட்டயே இருக்கட்டும். நீ உள்ள படு, நான் வெளிய பூட்டிகினு போறேன்."

"தீ கீ புடிச்சா இன்னாண்ணா பண்றது?"

"அதெல்லாம் புடிக்காது."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஷட்டரை இறக்கியவர், "இரு," என்றார். பையை வாங்கி, ஒட்டுகிறதா என்று ஷட்டரில் வைத்து அழுத்திப் பார்த்தார். கையை எடுத்தார். பை கீழே விழுந்தது. எடுத்துத் தட்டிவிட்டு, தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.