பயர்லைன் வீட்டுப் பின்ஜன்னல்

எல்லர்ஸ்டெட் ஊரின் கீழைவாசல் கோபுரத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கிறவள் ரோஸ்வித்தா பயர்லைன். பதினெட்டு வருஷமாக அதே கூண்டு, அதே நாற்காலி. ஊரைப் பார்க்க வருகிறவர்களை வாசல் வளைவுக்குள் நுழையும்போதே தரம் பிரித்துவிடுவாள். பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து பாவுகல்லில் கால் இடறும். சைக்கிள்காரர்கள் முதலில் கழிப்பறை எங்கே என்பார்கள். இளஞ்ஜோடிகள் மதில்மேல் பாதிச் சுற்று வந்து, பசியெடுத்து இறங்கிவிடும். யாராக இருந்தாலும் ஒரு பகல், மிஞ்சிப்போனால் ஒரு ராத்திரி. அதற்குமேல் எல்லர்ஸ்டெட்டில் பார்க்க எதுவும் கிடையாது என்பது அவள் முடிவு.

ஆகவே ஜூன் மாதத்தில் ஒரு மனிதர் தொடர்ந்து நாலாவது நாளாக மதில்மேல் வந்து உட்கார்ந்தபோது அவளால் அவரை எந்தத் தரத்திலும் சேர்க்க முடியவில்லை.

ஒல்லியான ஆள். ஐம்பது வயசு இருக்கும். சாம்பல் நிற மழைச்சட்டை, மடக்கு முக்காலி, மடியில் நோட்டு, கழுத்தில் தொலைநோக்கி. கோபுரம் ஏறவில்லை, தேவாலயத்துக்குப் போகவில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வருவார். வெயில் இறங்கும்வரை இருப்பார். மதில்மேல் நின்றால் எல்லோரும் வெளியே வயல்களைத்தான் பார்ப்பார்கள். இவர் ஊருக்குள்ளே பார்த்தார். சரியாகச் சொன்னால் ரோஸ்வித்தா வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

அந்த வீடு மதிலை ஒட்டினாற்போல நிற்கிறது. மாடிப் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் எதிரே மதிலின் ஓட்டுக்கூரை போட்ட நடைபாதை. நடுவே ஒரு சந்து. அங்கே யாராவது இருமினால் இங்கே கேட்கும். ரோஸ்வித்தா பிறந்தது அந்த வீட்டில்தான். கல்யாணமானதும் ரைன்ஹோல்ட் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியதில் அவனுக்கு இடது தோள் போயிற்று. பழைய மர ஜன்னலின் இடுக்கில் புகுந்த குளிர், அந்தத் தோளைப் பனிக்காலம் முழுக்கக் குத்தி எடுத்தது.

அதனால்தான் அந்தக் காரியம் நடந்தது. மதிலுக்குள் இருக்கும் வீட்டில் எதை மாற்றினாலும் பழஞ்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். ஜன்னல் என்றால் மரம், அதுவும் ஆறு சதுரமாகக் கண்ணாடி பிரித்த மரம். போன வருஷம் பிப்ரவரியில், மதில்மேல் ஈ காக்கை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, ரைன்ஹோல்டின் சித்தப்பா மகன் வெளியூரிலிருந்து வேனில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னலைக் கொண்டுவந்து மதியத்துக்குள் மாட்டிவிட்டான். ஆறு சதுரமாகத் தெரியட்டும் என்று கண்ணாடிமேல் வெள்ளைப் பட்டை ஒட்டினான். மேலே கூரைக்கடியில் காற்று வந்த பொந்தையும் கல்லும் சாந்தும் வைத்து அடைத்தான். ரைன்ஹோல்டின் தோள் சரியாயிற்று. ரோஸ்வித்தாவின் தூக்கம் போயிற்று.

"அந்த ஆள் திரும்ப வந்துட்டான்," என்றாள் ஐந்தாம் நாள், திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கி.

"வரட்டுமே. ஊர் பாக்க வந்தவன்."

"ஊர் பாக்க வந்தவன் நம்ம ஜன்னலையா பாப்பான்? பத்தடி தூரத்துக்கு எதுக்குத் தொலைநோக்கி?"

"கண்ணு மங்கலா இருக்கும்."

"உனக்கு எல்லாமே விளையாட்டு. அவன் அலுவலகத்து ஆளு. பாரு, மணியைப் பாக்கறான், எழுதறான். மறுபடி மணியைப் பாக்கறான், எழுதறான்."

மறுநாள் காலை பேக்கரியில் அவள் சந்தேகத்துக்கு உரம் கிடைத்தது. கடைக்காரம்மா கறுப்பு ரொட்டியைச் சுற்றிக்கொண்டே, "அந்த முக்காலிக்காரர் உங்க வீட்டைப் பத்தித்தான் கேட்டார். பதினாலாம் நம்பர்ல பின்பக்கம் எப்ப ஜன்னல் மாத்தினாங்கன்னு," என்றாள். ரோஸ்வித்தா மீதிச் சில்லறையை வாங்க மறந்து வீட்டுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து பின்ஜன்னலின் வெளிப்புற மரக்கதவுகள் பகலிலும் சாத்தியே கிடந்தன. ஜூன் மாத வெயில் வெளியே காய, ரைன்ஹோல்ட் விளக்கைப் போட்டுக் காலுறை தேடினான். "ஊரே வெயில்ல காயுது, நாம மட்டும் பதுங்குகுழியில குடியிருக்கோம்," என்று முணுமுணுத்தான். அவள் காதில் வாங்கவில்லை. யார் காட்டிக் கொடுத்திருப்பார்கள் என்பதிலேயே அவள் மனசு சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ட்ரவுட்டெ என்று முடிவுகட்ட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ட்ரவுட்டெ தன் கூரையில் டிஷ் ஆன்டெனா வைத்தாள். பழைய ஓடுகளுக்கு நடுவே அது வெள்ளைத் தட்டுபோல் பளிச்சென்று தெரிந்தது. ஒரே மாதத்தில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து இறக்கச் சொல்லிவிட்டார்கள். மொட்டைக் கடுதாசி எழுதியது ரோஸ்வித்தா. ரைன்ஹோல்டுக்குக்கூடத் தெரியாது. ட்ரவுட்டெ அப்போது ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேலிக்கு மேலே பிளம் கேக் வந்ததில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும், காத்திருந்து திருப்பிக் கொடுக்கிறாள் என்று ரோஸ்வித்தா நினைத்தாள். மறுநாள் தெருவில் ட்ரவுட்டெ தலையசைத்தபோது அவள் பார்க்காததுபோல் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தாள். காலணியில் கயிறே கிடையாது.

சனிக்கிழமை ரைன்ஹோல்டை உளவுக்கு அனுப்பினாள். "பேச்சுக் கொடு. யாரு, எந்த அலுவலகம், எவ்வளவு நாள் இருப்பான், எல்லாம் கேட்டுட்டு வா. நம்ம வீடு எதுன்னு காட்டிக்காதே."

ஒன்றரை மணி நேரம் கழித்து பியர் வாசனையோடு வந்தான்.

"நல்ல மனுஷன். பேரு வெண்டலின். நம்ம ஊர் சாஸேஜைப் பாராட்டினான். தொட்டுக்கற கடுகு மட்டும் இனிப்பா இருக்கணுங்கறான், அதுதான் எனக்கு ஒத்துவரல."

"எதுக்கு வந்திருக்கான்னு கேட்டியா?"

"கேட்டேனே. 'எண்ணறேன்'னான்."

"எதை?"

"அதுக்குள்ள சாஸேஜ் வந்துடுச்சு."

ரோஸ்வித்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணுகிறான். ஜன்னல்களை எண்ணுகிறான். எது மரம், எது பிளாஸ்டிக் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிறான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, கூண்டுக்கு முன்னால் சாம்பல் மழைச்சட்டை வந்து நின்றது.

"ஒரு சீட்டு குடுங்கம்மா. மேல போய்ப் பாக்கணும்."

"மேல என்ன பாக்கப் போறீங்க?" இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"பின்பக்கக் கூரையெல்லாம் அங்கிருந்து நல்லாத் தெரியுமாமே."

சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் படியேறும் சத்தம் மறைந்ததும் 'சிறிது நேரத்தில் வருகிறேன்' பலகையைத் தொங்கவிட்டு அவளும் ஏறினாள். நூற்று முப்பத்தேழு படி. நாலு வருஷமாக அவள் அதில் ஏறியதில்லை. உச்சிக்கு வந்தபோது மூச்சு இரைத்தது, முகம் சிவந்திருந்தது. வெண்டலின் கைப்பிடியில் சாய்ந்து தொலைநோக்கியில் அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் உங்களை அனுப்பினது? அலுவலகமா, ட்ரவுட்டெயா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எந்த ட்ரவுட்டெ?"

"நடிக்காதீங்க சார். பதினாலாம் நம்பர் என் வீடு. பிளாஸ்டிக் ஜன்னல் போட்டது நாங்கதான். என் புருஷனுக்குத் தோள்வலி. குளிர்ல அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுதணும்னா அதையும் சேத்து எழுதிக்கோங்க."

வெண்டலின் தொலைநோக்கியை இறக்கினார். மறுபடி தூக்கி வீட்டைப் பார்த்தார். "அது பிளாஸ்டிக்கா?" என்றார் மெதுவாக.

ரோஸ்வித்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் குருவி எண்ணறவன்மா," என்றார் அவர். "உழவாரன் குருவி. அதோ, கத்திக்கிட்டுச் சுத்துதே கறுப்பா, அதுங்கதான். பறவைச் சங்கத்துல எல்லாரும் ஆளுக்கொரு ஊர் எடுத்திருக்கோம்." நோட்டைத் திருப்பிக் காட்டினார். வீட்டு எண்கள், அதற்கு நேரே மணி, அதற்கு நேரே சிறு கோடுகள். பதினாலுக்கு நேரே, சங்கத்தின் பழைய கணக்குப்படி, இரண்டு வருஷத்துக்கு முன்னால்வரை மூன்று ஜோடி. அப்புறம் சுழி.

"ஜன்னலை ஏன் கேட்டீங்க?"

"வேலை நடந்தப்ப பொந்தை அடைச்சிருப்பாங்கன்னு ஒரு சந்தேகம். அதுங்க ஆப்பிரிக்காவுக்குப் போயிட்டு மே மாசம் அதே பொந்துக்குத்தான் வரும். அடைஞ்சிருந்தாலும் விடாது. வந்த வேகத்துல மோதும். நாள் கணக்கா மோதும்."

ரோஸ்வித்தாவுக்கு நினைவு வந்தது. போன வருஷம் மே மாதம் ஒரு வாரம் முழுக்கப் படுக்கையறைச் சுவரில் டொக் டொக்கென்று ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. மதில்மேல் போகும் சுற்றுலாப் பிள்ளைகள் கல்லெறிகிறார்கள் என்று நினைத்தாள். ஜன்னலைத் திறந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பையே வாத்தியாரோடு சேர்த்துத் திட்டினாள். அந்த வாத்தியார் எதுவும் புரியாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் சந்தில் ஒரு கறுப்புக் குருவி செத்துக் கிடந்தது. பூனை வேலை என்று பெருக்கித் தள்ளினாள்.

"இப்ப திறந்துவிட்டா வருமா?" என்றாள் கடைசியில்.

"இந்த வருஷம் வராது. அடுத்த வருஷம் வரலாம். ஜன்னலைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசப் போறதில்லம்மா. எனக்கு அது வேலை இல்லை."

அவள் நம்பவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய் நடந்ததை ரைன்ஹோல்டிடம் சொன்னாள். குருவி செத்துக் கிடந்ததைச் சொல்லும்போது அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். மறுநாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்புமுன்பே, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி உளியும் சுத்தியுமாக அடைப்பைக் கொத்த ஆரம்பித்தான். "தோளைப் பாத்துக்கோ," என்று அவள் கீழிருந்து கத்தினாள். தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாந்தோடு சேர்ந்து சுவரின் பழைய மணற்கல் ஒன்றும் பெயர்ந்து, சந்தைத் தாண்டித் தெறித்து, நடைபாதைக் கூரையில் விழுந்து, நாலு ஓடுகளை உடைத்தது. அந்த நேரத்தில் மதில்மேல் யாரும் இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

மதில் நகராட்சியின் சொத்து. மதியமே பழஞ்சின்ன அலுவலகத்திலிருந்து யுடித் ஹோர்ன் என்ற இளம்பெண் தலைக்கவசத்தோடு வந்து நின்றாள். உடைந்த ஓடுகளைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், கல் எங்கிருந்து விழுந்தது என்று நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"அந்த ஜன்னல்..." என்றாள்.

ரோஸ்வித்தா அவளை உள்ளே கூப்பிட்டுக் காப்பி ஊற்றினாள். "உண்மையைச் சொல்லும்மா. யாரு எழுதிப் போட்டது?"

"யாரும் போடலியே. கல்லு விழுந்ததாலதான் வந்தேன். இல்லேன்னா எனக்கு எங்க தெரியப்போகுது?" யுடித் சர்க்கரையைக் கலக்கினாள். "மொட்டைக் கடுதாசி வந்தே நாலு வருஷமாச்சு. கடைசியா வந்தது ஏதோ டிஷ் பத்தி. நீல மையில அழகான கையெழுத்து. இன்னும் ஃபைல்லதான் இருக்கு."

மேஜைமேல், அவள் வேலையிலிருந்து கொண்டுவந்த கோபுரத்து வருகைப் பதிவேடு கிடந்தது. அதில் பதினெட்டு வருஷமாக அவளே எழுதிய நீல மை. ரோஸ்வித்தா அதன்மேல் கேக் தட்டை நகர்த்தி வைத்தாள். இந்தப் பெண் தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா? அந்த முகத்தில் எதுவும் பிடிபடவில்லை. ரைன்ஹோல்ட் மட்டும் பதிவேட்டையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். யுடித் போன பிறகு, "டிஷ்ஷா?" என்றான். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்று முழுக்க அவன் அவளிடம் பேசவில்லை. அவர்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்குமுன் இருந்ததில்லை.

ஒரு வருஷத்துக்குள் மர ஜன்னல் போட வேண்டும் என்று கடிதம் வந்தது. ஏப்ரலில் தச்சர் வந்து ஆறு சதுர ஜன்னலை மாட்டினார். இடுக்கே தெரியாத வேலை, தோளுக்கும் குறையில்லை. பொந்தை மட்டும் திறந்தே விடச் சொல்லி, அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள்.

மே ஏழாம் தேதி குருவிகள் வந்தன. ரோஸ்வித்தா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கத்திக்கொண்டு சுற்றின, கூரைவரை வந்தன, திரும்பிப் போயின. நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஒரு ஜோடி சரேலென்று வந்து, அவள் கண்ணெதிரே ட்ரவுட்டெ வீட்டுக் கூரைக்கடியில் புகுந்தது.

"பாத்தியா? அவ என்னமோ வச்சிருக்கா அங்க," என்றாள்.

"குருவிக்கு என்னத்தை வைப்பா? பிளம் கேக்கா?" என்றான் ரைன்ஹோல்ட். "நேர்ல போய்க் கேளேன்."

அவன் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காப்பி நேரத்துக்கு ஒரு நோட்டும் பையுமாகப் போய் ட்ரவுட்டெயின் கதவைத் தட்டினாள். சங்கிலி மாட்டியபடியே கதவு நாலு விரல் அகலம் திறந்தது.

"எதுக்கு வந்திருக்கே?"

"உன் வீட்டுக் கூரையில குருவி இருக்கு. எண்ணணும்."

"எண்ணி யார்கிட்ட குடுக்கப் போறே?"

"பறவைச் சங்கத்துல. வெண்டலின்னு ஒருத்தர்." பிறகு, குரல் தாழ்ந்து, "டிஷ் விஷயம் நான்தான் எழுதினேன், ட்ரவுட்டெ," என்றாள்.

"அது அன்னைக்கே தெரியும்." ட்ரவுட்டெ அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், தெருவில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். "நோட்டை நான் படிச்ச பிறகுதான் வெளிய கொண்டு போகணும்."

"சரி."

சங்கிலி விழும் சத்தம் கேட்டது. "செருப்பைக் கழட்டிட்டு வா. இப்பத்தான் தரை துடைச்சேன்."