ஈசல் பிடித்தவளின் கூறு

என் அக்கா காய்ச்சலில் இறந்த பிறகு அவள் கணவர், என் மாமா, அழவே இல்லை. பிணம் எடுத்த அன்றும் இல்லை, கருமாதி அன்றும் இல்லை. தோட்டத்தில் தக்காளி செடியிலேயே பழுத்து அழுகியது. பாலக்கோட்டு மண்டிக்கு ஒரு கூடைகூடப் போகவில்லை. என்ன கேட்டாலும் "ம்" என்பார். இப்படியே விட்டால் இந்த மனிதரும் போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்தது. ஒருமுறை அழுதுவிட்டால் பிழைத்துக்கொள்வார். அவரை அழவைக்க எனக்குத் தெரிந்த ஒரே இடம் ஓடைதான்.

மழை பெய்து ஈசல் கிளம்பினால் நானும் மாமாவும் தூண்டிலோடு ஓடைக்குப் போவது வருசா வருசம் நடப்பது. ஈசலுக்கு ஈயக்குண்டு, தக்கை எதுவும் கூடாது. அதன் முதுகில் முள்ளை மெல்லக் கோத்து, இறக்கை நனையாமல் நீர்மேல் மிதக்கவிட வேண்டும். கெண்டை கீழிருந்து வந்து உறிஞ்சும். ஈசல் பிடித்து டப்பாவில் போட்டுத் தருவது அக்காவின் வேலை. அதனால் கரையில் தேக்கிலை விரித்து மீனைக் கூறு போடும்போது அவளுக்கும் ஒன்று விழ வேண்டும்.

"மீனு என் ஈசலுக்கு வந்துச்சா, உங்க மொகத்துக்கு வந்துச்சா? புடிச்சுக் குடுத்தா ஒரு கூறு. புடிக்கலன்னா கேக்க மாட்டேன்" என்பாள். மூன்று கூறும் கடைசியில் ஒரே சட்டியில்தான் கொதிக்கும். ஆனாலும் தன் இலையில் மீன் சின்னதாக இருந்தால் சண்டைக்கு வருவாள்.

இந்த முறை ஈசலை நானே பிடித்தேன். என் முரட்டுக் கையில் பாதிக்கு இறக்கை உதிர்ந்துவிட்டது.

"மாமா, ஓடைக்குப் போலாங்களா?"

"ம்."

வானம் மூடியே கிடந்தது. இறக்கை இல்லாத ஈசல் மூழ்கிப் போனது. நல்ல ஈசல் வாய்த்தபோது நான் அவசரப்பட்டு இழுத்துக் கெடுத்தேன். மாமா மட்டும் பழைய கையோடு வீசினார். நீரில் சின்ன வளையம் விழும். கொஞ்சம் பொறுத்துச் சுண்டுவார், மீன் வரும். முகத்தில் மட்டும் ஒன்றும் வராது. பகல் முழுக்க இப்படியே போனது. எனக்கு அந்த ஓடையின் மேலேயே வெறுப்பு வந்தது. தூண்டிலைச் சுருட்டிவிட்டேன்.

சாயந்தரம் மாமா தேக்கிலை பறித்து வந்து, குத்துக்காலிட்டுக் கூறு போட்டார். பெரியது, சிறியது பார்த்து மாற்றி மாற்றி வைத்தார். மூன்று கூறு. கை கழுவப் போனவர் திரும்பி அந்த இலைகளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மூன்றாவது இலையிலிருந்து ஒவ்வொரு மீனாக எடுத்து மற்ற இரண்டிலும் வைத்தார்.

"இந்த வாட்டி அவ ஈசல் புடிக்கல, மாப்ள," என்றார். "கேக்க மாட்டா."

கடைசி மீன் கையிலேயே இருந்தது. அப்படியே அழ ஆரம்பித்தார். இதற்காகத்தான் அழைத்து வந்தேன். ஆனால் அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி நின்றேன்.